மானிட்டர் வாங்கும் முன் லேப்டாப்பின் ஓரத்தைப் பாருங்கள்

கடையில் "நல்ல மானிட்டரா ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டால், அவர்கள் காட்டுவது எல்லாமே நல்ல மானிட்டராகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து செருகிய பிறகுதான் வம்பு ஆரம்பிக்கும். எழுத்து மங்கலாகத் தெரியும், மவுஸை இழுத்தால் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகரும், இல்லாவிட்டால் கறுப்புத் திரையில் "நோ சிக்னல்" என்று வந்து நிற்கும். பெரும்பாலும் மானிட்டரில் பழுது இருக்காது. லேப்டாப்பில் இருக்கும் போர்ட் அதற்கு ஈடு கொடுக்காது, அவ்வளவுதான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போய் வாங்கி வந்தவர் மாற்றிக்கொள்ள இன்னொரு முறை 90 கிலோமீட்டர் போக வேண்டும். ஆன்லைனில் வாங்கியவர் பெரிய பெட்டியைத் திரும்ப ஒட்டி அனுப்ப வேண்டும். அதனால் தேர்வை மானிட்டரிலிருந்து தொடங்காதீர்கள். லேப்டாப்பிலிருந்து தொடங்குங்கள்.

எந்த ஓட்டை என்ன செய்யும்

லேப்டாப்பின் இரண்டு பக்கத்தையும் பின்புறத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

பெரும்பாலும் நீல நிறத்தில், மூன்று வரிசையில் 15 துளைகளோடு, இருபுறமும் திருகு மாட்ட இடம் வைத்திருப்பது விஜிஏ. 2011 முதல் அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் பலவற்றில் இது உண்டு. 1920×1080 பிக்சல் (திரையின் புள்ளிகள், அகலம்×உயரம்) வரை தாராளமாக ஓடும். ஆனால் இது அனலாக் சிக்னல். எழுத்தின் ஓரத்தில் லேசாக நிழல் தட்டும், ஒலி போகாது. பக்கத்திலேயே எச்டிஎம்ஐ இருந்தால் விஜிஏ-வைத் தொடவே வேண்டாம்.

எச்டிஎம்ஐ என்பது கீழ் மூலைகள் இரண்டும் சரிந்த, சுமார் 14 மில்லிமீட்டர் அகலமுள்ள வாய். ஏமாறும் இடம் இதுதான். 1.4, 2.0, 2.1 என்று மூன்று தலைமுறை புழக்கத்தில் இருக்கின்றன, மூன்றுக்கும் வாய் ஒன்றேதான். வெளியே பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது.

டிஸ்ப்ளே போர்ட்டுக்கு ஒரே ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். லேப்டாப்பில் இதைப் பார்ப்பது அரிது, மானிட்டரில்தான் அதிகம். பழைய ஆபீஸ் லேப்டாப்களில் இதன் சின்ன வடிவமான மினி டிஸ்ப்ளே போர்ட் இருக்கலாம்.

கடைசியாக டைப்-சி. போன் சார்ஜருக்கு இருக்கும் அதே நீள்வட்ட வாய். இதில் படம் வரலாம், வராமலும் போகலாம். அதைத் தனியாகப் பேச வேண்டும்.

எச்டிஎம்ஐ எந்தத் தலைமுறை

இரண்டு இஞ்ச் போரில் பொங்கி வரும் தண்ணீரை நடுவில் ஓரிடத்தில் முக்கால் இஞ்ச் பைப்பில் விட்டால் வயலுக்குப் போய்ச் சேருவது முக்கால் இஞ்ச் தண்ணீர்தான். லேப்டாப் போர்ட், கேபிள், மானிட்டர் போர்ட் மூன்றும் அப்படித்தான். எது குறைவோ அதுவே கணக்கு.

எச்டிஎம்ஐ 1.4-இன் மொத்தக் கொள்ளளவு விநாடிக்கு 10.2 ஜிகாபிட். 2.0-க்கு 18, 2.1-க்கு 48. 1920×1080 திரையை 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பித்து, ஓட்ட 1.4 தாராளம், அதையே 120 ஹெர்ட்ஸில் ஓட்டவும் போதும். 2560×1440 திரையை 60 ஹெர்ட்ஸில் ஓட்டும். 3840×2160 அதாவது 4கே வந்தால்தான் மூச்சு வாங்கும். 30 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். விநாடிக்கு முப்பது முறை மட்டும் புதுப்பிக்கப்படும் திரையில் எக்செல் ஷீட்டை உருட்டிப் பாருங்கள், பத்தே நிமிடத்தில் கண் சோர்ந்துவிடும். 4கே-யை 60 ஹெர்ட்ஸில் பார்க்க லேப்டாப்பில் எச்டிஎம்ஐ 2.0 கட்டாயம். அதுவும் சரியாக விளிம்பில்தான் நிற்கிறது: 2.0 தாங்கும் பிக்சல் கடிகாரம் (பிக்சல்களை அனுப்பும் வேகம்) 600 மெகாஹெர்ட்ஸ், 4கே 60-க்கு வேண்டியது 594. தரம் குறைந்த கேபிள் போட்டால் திரை அணைந்து அணைந்து எரிவது அதனால்தான்.

பட்ஜெட் விலை லேப்டாப்களில் சமீப வருடங்கள் வரை 1.4-தான் வைத்தார்கள். பிராசசர் புதியது என்பதால் போர்ட்டும் புதியது என்று நினைத்துவிட வேண்டாம். இன்னும் பழையதாக, 2011 வாக்கில் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசசர் லேப்டாப் என்றால் எச்டிஎம்ஐ வழியாக 1920×1200-தான் உச்சம். அதற்கு 1440 மானிட்டர் வாங்குவதே வீண்.

தலைமுறையைக் கண்டுபிடிக்க ஒரே நம்பகமான வழி, கம்பெனியின் ஸ்பெசிஃபிகேஷன் தாள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு மாடல் எண்ணை எடுங்கள். "ஐடியாபேட்", "இன்ஸ்பிரான்", "பெவிலியன்" என்ற பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் வருடத்துக்கொன்றாக வேறு வேறு போர்ட்டோடு வந்திருக்கும். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற தளத்தில் மாடலைப் போட்டால் போர்ட் விவரம் வரிவரியாக வரும். டெல் என்றால் சர்வீஸ் டேக் எண்ணைப் போட்டு மேனுவல் பகுதியில் "செட்டப் அண்ட் ஸ்பெசிஃபிகேஷன்ஸ்" தாளைத் திறக்க வேண்டும். எச்பி-க்கு "மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு". விற்பனைத் தளங்களில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். அங்கே "எச்டிஎம்ஐ: ஆம்" என்பதோடு முடிந்துவிடும்.

டைப்-சி இருந்தால் மட்டும் போதுமா

டைப்-சி வாய்க்குப் பக்கத்தில் பொடியாக அச்சிட்ட குறியைப் பாருங்கள். பூதக்கண்ணாடி வேண்டாம், போன் கேமராவில் பெரிதாக்கினால் தெரியும். அம்பு முனையோடு மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட், படம் நிச்சயம் வரும். ஆங்கில "டி" எழுத்துக்குள் "பி" எழுத்து அடங்கியதுபோல ஒரு குறி இருந்தால் டிஸ்ப்ளே போர்ட் சிக்னல் வரும். சூலம்போல் யுஎஸ்பி குறி மட்டும் இருந்தாலோ எதுவுமே இல்லாவிட்டாலோ முடிவு கட்ட முடியாது, ஸ்பெசிஃபிகேஷன் தாளைத்தான் பார்க்க வேண்டும். அதில் "டேட்டா டிரான்ஸ்ஃபர் ஒன்லி" என்று இருந்தால் அந்த வாயில் எந்த கன்வெர்ட்டரைச் செருகினாலும் படம் வராது. "டிஸ்ப்ளே போர்ட் 1.2" அல்லது "1.4" என்று இருந்தால் வரும். "பவர் டெலிவரி" என்றும் சேர்ந்திருந்தால் மானிட்டரே லேப்டாப்பை சார்ஜ் செய்யும்.

டிஸ்ப்ளே போர்ட், பவர் டெலிவரி இரண்டும் டைப்-சி-யில் உள்ள லேப்டாப் வைத்திருப்பவருக்கு எங்கள் சிபாரிசு, சில ஆயிரம் கூடுதலானாலும் டைப்-சி உள்ள மானிட்டரே. ஒரே கேபிளில் படம், ஒலி, சார்ஜ், கீபோர்டு, மவுஸ் எல்லாம் போய்விடும். ஆனால் வாட் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப் சார்ஜரில் 65 வாட் என்று எழுதியிருந்தால் மானிட்டரும் 65 வாட் கொடுக்க வேண்டும். 15 வாட் கொடுக்கும் டைப்-சி மானிட்டர்களும் விற்கின்றன. அவை போனைத்தான் சார்ஜ் செய்யும். 130, 180 வாட் சார்ஜரோடு வரும் கேமிங் லேப்டாப்புக்கு இந்த வசதி பெரிதாகப் பயன்படாது, அதன் சொந்த சார்ஜரையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

போனோடு வந்த டைப்-சி கேபிளைப் போட்டுவிட்டு "படமே வரல" என்பவர்கள் நிறைய. அந்தக் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் சார்ஜுக்கும் யுஎஸ்பி 2.0 டேட்டாவுக்கும் உண்டான கம்பிகள் மட்டுமே இருக்கும். படத்துக்கான அதிவேகக் கம்பிகள் உள்ளே கிடையாது. மானிட்டர் பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். தொலைந்துவிட்டால் 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட் அல்லது தண்டர்போல்ட் என்று அச்சிட்ட கேபிளாக, ஒரு மீட்டருக்குள் வாங்குங்கள்.

இன்னொரு நுணுக்கம். டைப்-சி-யில் அதிவேகப் பாதைகள் நான்கு. மானிட்டரில் யுஎஸ்பி 3 போர்ட்களும் இருந்தால் இரண்டு பாதைகளை அவை பிடித்துக்கொள்ளும், படத்துக்கு இரண்டுதான் மிஞ்சும். லேப்டாப் டிஸ்ப்ளே போர்ட் 1.2 என்றால் அந்த இரண்டில் 4கே 30 ஹெர்ட்ஸ்தான் போகும். 1.4 என்றால் 60 ஹெர்ட்ஸ் நூலிழையில் போய்விடும். சில மானிட்டர் மெனுவில் "யுஎஸ்பி-சி ப்ரையாரிட்டி" என்றொரு தேர்வு இருக்கும். அதில் "ஹை ரெசல்யூஷன்" வைத்தால் நான்கு பாதையும் படத்துக்கு வரும், யுஎஸ்பி போர்ட்கள் 2.0 வேகத்துக்கு இறங்கும். கீபோர்டுக்கும் மவுஸுக்கும் அது போதும்.

எத்தனை இஞ்ச், எவ்வளவு ரெசல்யூஷன்

இஞ்ச் என்பது குறுக்கு மூலை அளவு. மேஜையில் இடம் பார்க்க அகலம்தான் வேண்டும்: 24 இஞ்ச் மானிட்டர் சுமார் 53 சென்டிமீட்டர், 27 இஞ்ச் 60, 32 இஞ்ச் 71. மேஜையின் ஆழத்தையும் அளந்து பாருங்கள். கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 70 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர் டேபிள்களின் ஆழம் 45 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். ஸ்டாண்டு பின்னால் 20 சென்டிமீட்டரைத் தின்றுவிடும், 27 இஞ்ச் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். அந்த மேஜையை மாற்ற மனமில்லாவிட்டால் 24 இஞ்ச் வாங்குங்கள், அல்லது சுவரில் மாட்டுங்கள். சுவரில் மாட்ட பின்பக்கம் 100×100 அல்லது 75×75 மில்லிமீட்டர் இடைவெளியில் நான்கு திருகு ஓட்டை வேண்டும். விலை குறைந்த சில மானிட்டர்களில் அது இருக்காது.

எழுத்து தெளிவாக இருக்குமா என்பதை ஒரு இஞ்சுக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு சொல்லிவிடும். 24 இஞ்சில் 1920×1080 என்றால் 92. படிக்க வசதி, விண்டோஸில் எதையும் பெரிதாக்க வேண்டியதில்லை. அதே 1920×1080-ஐ 27 இஞ்சில் விரித்தால் 82-க்கு இறங்கும். லேப்டாப்பின் 15.6 இஞ்ச் முழு எச்டி திரை 141. அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 82 சொரசொரப்பாகத் தெரியும். கடைகளில் "பெருசா இருக்கு சார்" என்று தள்ளிவிடுவது இந்த 27 இஞ்ச் 1080-ஐத்தான். எங்கள் கருத்தில் எழுத்து வேலைக்கு இதை விட்டுவிடலாம். 27 இஞ்ச் வேண்டுமென்றால் 2560×1440, 109 வரும். முன்னே சொன்னபடி எச்டிஎம்ஐ 1.4 லேப்டாப்பும் இதை 60 ஹெர்ட்ஸில் தாங்கும் என்பதால் பெரும்பாலோருக்கு இதுதான் பொருத்தம். 4கே 27 இஞ்ச் 163. எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், ஆனால் விண்டோஸில் எழுத்தைப் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை 150 சதவீதம் வைக்க வேண்டும், போர்ட்டும் ஈடு கொடுக்க வேண்டும்.

இதே பணத்துக்கு 32 இஞ்ச் டிவி கிடைக்கிறதே என்று பலர் அந்தப் பக்கம் போவார்கள். விலை குறைந்த 32 இஞ்ச் டிவிகளில் பெரும்பாலானவை "எச்டி ரெடி", அதாவது 1366×768. ஒரு இஞ்சுக்கு 49 பிக்சல். அதில் எக்செல் திறந்தால் வரிசைகளும் குறைவாகத் தெரியும், எழுத்தும் பல்லைக் காட்டும். போதாததற்கு டிவி படத்தின் ஓரங்களை வெட்டும், டாஸ்க்பார் பாதி மறையும். கிரிக்கெட்டுக்கு டிவி, வேலைக்கு மானிட்டர்.

பேனல் வகையில் அதிகம் குழம்ப வேண்டாம், ஐபிஎஸ் எடுங்கள். பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாது. விஏ பேனலில் கறுப்பு ஆழமாக இருக்கும், 3000-க்கு 1 என்ற அளவில் கான்ட்ராஸ்ட் கிடைக்கும், இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு நல்லது. ஆனால் கறுப்புப் பின்னணியில் எழுத்தை உருட்டும்போது இழுவல் தெரியும். டிஎன் வேண்டவே வேண்டாம். பிரகாசம் 250 நிட்ஸ் சாதாரண அறைக்குப் போதும். மேற்கு பார்த்த ஜன்னல், பகல் முழுக்க வெயில் என்றால் 300-க்கு மேல், பளபளப்பு இல்லாத மேட் திரை.

ஹெர்ட்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை போதும். பெட்டியில் 144 அல்லது 165 என்று இருந்தால் அது எந்த போர்ட்டில் என்று கேளுங்கள். பல மானிட்டர்களில் அது டிஸ்ப்ளே போர்ட்டில் மட்டும்தான் கிடைக்கும், எச்டிஎம்ஐ-யில் அதைவிடக் குறைவாக நிற்கும். உங்கள் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும் என்றால் கூடுதல் பணம் கொடுத்தும் அந்த வேகம் கிடைக்காது.

கன்வெர்ட்டர்: ஒருவழிப் பாதை

பெங்களூரு எஸ்பி ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும், ஐடி கம்பெனிகள் கழித்துக்கட்டிய 22, 24 இஞ்ச் டெல், எச்பி மானிட்டர்கள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். பல நல்ல ஐபிஎஸ் பேனல்கள், ஸ்டாண்டும் ஏறி இறங்கும். சிக்கல் பின்பக்கத்தில் இருக்கிறது: விஜிஏ, டிவிஐ (எச்டிஎம்ஐ-க்கு முந்தைய டிஜிட்டல் போர்ட்), டிஸ்ப்ளே போர்ட் மூன்றும் இருக்கும், எச்டிஎம்ஐ இருக்காது. வீட்டு லேப்டாப்பிலோ எச்டிஎம்ஐ மட்டும்தான்.

இங்கே ஒரு சுலப வழி உண்டு. எச்டிஎம்ஐ-யும் டிவிஐ-யும் உள்ளே ஒரே வகை டிஜிட்டல் சிக்னல். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் டிவிஐ-டி உள்ள சாதாரணக் கேபிள் போட்டால் 1920×1200 வரை சுத்தமாக வரும். கன்வெர்ட்டர் பெட்டியெல்லாம் வேண்டாம். ஒலிக்கு மட்டும் லேப்டாப் ஸ்பீக்கரையோ ஹெட்செட்டையோ நம்ப வேண்டும்.

"டிஸ்ப்ளே போர்ட் டு எச்டிஎம்ஐ" என்று விற்கும் கேபிளை வாங்கித் திருப்பிப் போடலாம் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அது லேப்டாப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் மட்டும் வேலை செய்யும். எதிர்த்திசையில் போக சிக்னலையே மாற்றும் சிப் உள்ள ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும், அதற்கு யுஎஸ்பி-யிலிருந்து மின்சாரமும் கொடுக்க வேண்டும். டைப்-சி டு எச்டிஎம்ஐ-யும் அப்படி ஒருவழிதான். அதை வாங்கும்போது பொட்டலத்தில் "4கே 60 ஹெர்ட்ஸ்" என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் "4கே" என்றிருந்தால் 30 ஹெர்ட்ஸ் என்றே வைத்துக்கொள்ளலாம்.

பழைய மானிட்டர் எடுக்கும்போது 17, 19 இஞ்ச் சதுரத் திரைகளைத் தவிருங்கள். அவை 1280×1024, இன்றைய பக்கங்களுக்கு அகலம் போதாது. வெள்ளைத் திரையைப் போட்டு, பழுப்பு ஏறியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பின்விளக்கு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எச்டிஎம்ஐ கேபிளுக்கு "2.0 கேபிள்" என்று அதிகாரப்பூர்வப் பெயர் எதுவும் கிடையாது. "ஹை ஸ்பீட்" 4கே 30 வரை, "பிரீமியம் ஹை ஸ்பீட்" 4கே 60 வரை, "அல்ட்ரா ஹை ஸ்பீட்" அதற்கு மேல். ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் நீளம் போதும். பிறகு உதவும் என்று ஐந்து மீட்டர் வாங்கினால் 4கே-யில் திரை கண் சிமிட்டும்.

இரண்டு மானிட்டர் வேண்டுமென்றால்

இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசசர், லேப்டாப்பின் சொந்தத் திரையையும் சேர்த்து மொத்தம் இரண்டு திரை ஓட்டும், மூன்றாம் தலைமுறை முதல் மூன்று, பதினொன்றாம் தலைமுறை முதல் நான்கு. அதாவது போர்ட் இருந்தால் இன்றைய விண்டோஸ் லேப்டாப் எதுவும் இரண்டு வெளி மானிட்டரைத் தாங்கும். மேக்புக் வேறு கதை. எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏர், மூடியை மூடி வைத்தால் இரண்டு. எம்4 ஏர், மூடி திறந்திருந்தாலும் இரண்டு. பழைய ஏரில் இரண்டாவது வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் (யுஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் முறை) சிப் உள்ள டாக், அதாவது பல போர்ட் உள்ள இணைப்புப் பெட்டி ஒன்றே வழி. டிரைவர் போட வேண்டும், காப்புரிமைப் பூட்டு உள்ள ஓடிடி படங்கள் அதில் கறுப்பாக வரலாம். வேலைக்குக் குறையில்லை.

கரண்ட் போனால்

லேப்டாப்பில் பேட்டரி உண்டு, மானிட்டரில் கிடையாது. மீட்டிங் நடுவே கரண்ட் போனால் பெரிய திரை அணையும். 24 இஞ்ச் எல்இடி மானிட்டர் இழுப்பது சுமார் 20, 25 வாட்தான். வீட்டு இன்வெர்ட்டருக்கு அது ஒரு பாரமே இல்லை, ஒரு பிளக்கை அந்த லைனில் மாற்றித் தரச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் 600 விஏ யுபிஎஸ் ஒன்றில் மானிட்டரையும் வைஃபை ரவுட்டரையும் மட்டும் போடலாம். லேப்டாப்பை அதில் மாட்டாதீர்கள், அதற்குத்தான் சொந்த பேட்டரி இருக்கிறதே. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி புதிதாக இருந்தால் இந்த இரண்டுக்கும் ஒரு மணி நேரத்தை ஒட்டித் தாங்கும். பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் 15.6 இஞ்ச் போர்ட்டபிள் மானிட்டரையும் யோசிக்கலாம். டைப்-சி வழியாக லேப்டாப்பிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

மானிட்டர் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், குறைந்த வோல்டேஜுக்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது எர்த். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அடாப்டரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் அது. அந்த நிலையில் எச்டிஎம்ஐ செருகினால் போர்ட்டே போகலாம். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். அதுவரை, லேப்டாப், மானிட்டர் இரண்டின் பிளக்கையும் எடுத்துவிட்டு எச்டிஎம்ஐ-யை முதலில் செருகி, பிறகு மின்சாரம் கொடுங்கள். சித்திரை, வைகாசியில் இடி மழை வந்தால் ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவுங்கள்.

கடையில் பத்து நிமிடம்

லேப்டாப்பையும் சார்ஜரையும் கையோடு கொண்டு போங்கள். ஓசூரானாலும் சேலமானாலும் உங்கள் லேப்டாப்பில் செருகிக் காட்டச் சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். செருகியதும் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் பெட்டியில் சொன்னபடி வருகிறதா என்று பாருங்கள். போனில் முன்கூட்டியே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து வெற்றுப் படங்களைச் சேமித்து லேப்டாப்புக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முழுத் திரையில் போட்டு மூலை மூலையாகப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி செத்த பிக்சல், கறுப்பில் வண்ணப் புள்ளி மாட்டிக்கொண்ட பிக்சல். ஒன்றிரண்டு புள்ளிக்குப் பல கம்பெனிகள் வாரண்டியில் மாற்றித் தருவதில்லை என்பதால் கடையிலேயே பிடிப்பது நல்லது. கறுப்புப் படத்தில் ஐபிஎஸ் மூலைகளில் லேசான வெளிறல் இருக்கத்தான் செய்யும். ஒரே ஓரத்தில் பட்டையாக வெளிச்சம் கசிந்தால் வேறு பீஸ் கேளுங்கள்.

வாரண்டி எத்தனை வருடம் என்பதோடு, உங்கள் பின்கோடுக்கு ஆள் வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்கள். 635109 ஓசூருக்கு வருபவர் ஊத்தங்கரைக்கோ அரூருக்கோ வருவார் என்று சொல்ல முடியாது. கம்பெனியின் டோல்ஃப்ரீ எண்ணில் பின்கோடைச் சொல்லி உறுதி செய்துகொள்ளலாம். வரியைப் பார்த்து ஊர் மாற வேண்டாம். 32 இஞ்சுக்கு மேலான மானிட்டர்களுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது, எங்கே வாங்கினாலும் அதேதான். பில் மட்டும் மறக்காமல் வாங்குங்கள், சீரியல் எண் அதில் இருக்கட்டும்.

பஸ்ஸில் கொண்டுவந்தால் பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள், படுக்கப் போடாதீர்கள். கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடும். ஆன்லைனில் வந்த பெட்டியைப் பிரிப்பதை முதல் நாடா அறுப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். உள்ளே விரிசல் இருந்தால் அதுதான் சாட்சி.

செருகிய பிறகு வரும் சிக்கல்கள்

"நோ சிக்னல்" என்றால் முதலில் மானிட்டர் பட்டனை அழுத்தி இன்புட்டைப் பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ 2-இல் இருக்கும், மானிட்டர் எச்டிஎம்ஐ 1-ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு விண்டோஸ் பட்டனோடு "பி" அழுத்தி "எக்ஸ்டெண்ட்" தேர்ந்தெடுங்கள். "டூப்ளிகேட்" வைத்தால் பெரிய திரையும் லேப்டாப்பின் ரெசல்யூஷனுக்கு இறங்கிவிடும், எழுத்து மங்கலாகத் தெரிவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

1024×768-க்கு மேல் ஏறவே இல்லையா? டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் இல்லை, லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து போடுங்கள். டிரைவர் சரியாக இருந்து விஜிஏ-வில் மட்டும் இப்படி என்றால் கேபிளை மாற்றுங்கள். மலிவுக் கேபிள்களில் மானிட்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் கம்பியே இருக்காது.

4கே 30 ஹெர்ட்ஸிலேயே நின்றால், லேப்டாப்பில் 2.0 இருப்பது உறுதி என்றால், மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ பதிப்பை 1.4-லிருந்து 2.0-க்கு மாற்றும் தேர்வு இருக்கிறதா என்று தேடுங்கள். சில கம்பெனிகள் அதற்கு "அல்ட்ரா எச்டி டீப் கலர்" என்று பெயர் வைத்திருக்கும். 100 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் பல நேரம் 60-லேயே ஓட்டும், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் நாமே மாற்ற வேண்டும்.

கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால் லேப்டாப் அதை டிவி என்று நினைத்துக் குறைந்த வீச்சில் நிறம் அனுப்புகிறது. இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் குவான்டைசேஷன் ரேஞ்சை "ஃபுல்" ஆக்குங்கள். லேப்டாப்பில் சத்தம் போய்விட்டதென்றால் எச்டிஎம்ஐ செருகியதும் ஒலியும் மானிட்டருக்குப் போயிருக்கும். டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியைத் தொட்டு பழையபடி லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பை மூடி வைத்து மானிட்டரில் மட்டும் வேலை செய்ய, கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் "டூ நத்திங்" என்று வையுங்கள். சில லேப்டாப்களில் காற்றுத் துளை கீபோர்டு பக்கமும் இருக்கும். அவற்றை மூடியபடி மணிக்கணக்கில் ஓட்டினால் சூடேறி வேகம் குறையும், மூடியை ஒரு சாண் திறந்தே வைக்கலாம்.